பள்ளி விட்ட பின்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைவாசிகளில் தாய் தந்தை இருவரும் உத்தியோகம் பார்ப்போர் அநேகர். அவர்கள் மின்சார ரயிலேறி வீடு திரும்புமுன் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதுவரை குழந்தைகள் ஓவியமும் சதுரங்கமும் கற்பிக்கும் தனியார் மன்றங்களில் இருக்கின்றனர். 2021 அக்டோபரில் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில், சுமார் 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்று ஏற்பாடு, அவருக்கு மாதம் 1,000 ரூபாய். தொகை சொற்பமே, எனினும் கணக்கென்று ஒன்றிருந்தது. பணம் பெறும் மன்றங்களில் எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பெற்றோர் விசாரிப்பது அரிது. (கட்டணத்தை மட்டும் தவறாமல் விசாரிக்கிறார்கள்!) 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்தபின்னரே வேலை செய்வது. ஆகையால் தாம்பரம் மாநகராட்சி இம்மன்றங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, குழந்தைத் தொகை, குடிநீர், கழிப்பிடம், அழைத்துச் செல்ல வருவோர் பெயர்ப்பதிவு ஆகியவற்றைப் பரிசீலிக்க வேண்டுமென்பதே நம் அபிப்பிராயம்.