புதிய பகுதிகளில் திராட்சை: பந்தலுக்கு முன் மழைக் கணக்கு

தமிழகத்தில் திராட்சை என்றதும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வரும். அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற மாவட்டங்களில் இதைப் பயிரிட விரும்பும் சிறு விவசாயிகள், தங்கள் இடம் ஏற்றதா என்பதை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். முதல் கொத்து கைக்கு வருமுன்பே கல்தூணுக்கும் கம்பிக்கும் பெருந்தொகை செலவாகிவிடும்.

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்கும். நமது வெப்பத்தில் அது உறங்குவதில்லை. கவாத்து செய்த நாளிலிருந்தே அதன் பருவம் தொடங்குகிறது. பன்னீர் திராட்சை கவாத்துக்குப்பின் 30 முதல் 40 நாட்களில் பூக்கும். சுமார் 4 மாதங்களில் அறுவடைக்கு வரும். ஆகவே எப்போது பூக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பவர் விவசாயியே.

இரண்டு சமயங்களில் மழை கூடாது. பூக்கும்போது மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தையே கருக்கிவிடும். பழுக்கும்போது பெய்தால் பழம் வெடித்து அழுகும். மழைக்குப் பயந்து முன்னதாகப் பறிப்பதிலும் பயனில்லை. வாழை, மா போலத் திராட்சை பறித்தபின் பழுக்காது.

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 7 சதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. திராட்சைக்குப் பேர்போன நாசிக்கிலேயே 2019 அக்டோபர், நவம்பரில் பருவம் தவறிப் பெய்த மழையால் தோட்டங்கள் பெரும் சேதமடைந்தன.

எனவே அருகிலுள்ள மழைமானியின் கடந்த 10 ஆண்டுக் கணக்கைக் கேட்டுப் பெறவேண்டும். மொத்த மழையளவை மட்டும் பார்த்தால் போதாது. மழை நாட்களையும் எண்ணவேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் கவாத்து செய்தால் பிப்ரவரியில் பூக்கும். ஏப்ரலில் பழுத்து, மே தொடக்கத்தில் அறுவடையாகும். இந்த 2 கட்டங்களிலும் மூன்று, நான்கு ஆண்டுகளாவது தொடர் மழை பெய்திருந்தால் அங்கே பந்தல் போடாதிருப்பதே நல்லது.

மே-ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்ட்-செப்டம்பரில் மற்றொரு அறுவடை எடுப்பதும் உண்டு. ஆனால் அம்மாதங்களில் மழை அதிகமுள்ள வட மாவட்டங்களில் இதற்கு ஆசைப்படக்கூடாது. அங்கு மே-ஜூனில் 1 அல்லது 2 மொட்டு விட்டு வெட்டி, புதிய குச்சிகளை வளர்க்கலாம். டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் முதிர்ந்த குச்சிகளில் 4 அல்லது 5 மொட்டு விட்டுக் காய்ப்புக் கவாத்து செய்யலாம். அடுத்த காய்ப்புக்கான கரு மொட்டுக்குள் உருவாவது குச்சி வளரும் காலத்தில்தான். அப்போது குச்சிகள் நெருங்காமல் பரப்பிக் கட்டி வெயில் படச் செய்யவேண்டும்.

மழை மாதங்களில் இலைகளைக் காக்க 1 சத போர்டோ கலவை தெளிக்கலாம். மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவேண்டும். தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் கலவையில் வைத்து எடுக்கும்போது செம்புநிறம் படிந்திருந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

நிலத்தில் நல்ல வடிகால் இருக்கவேண்டும். கார அமில நிலை 6.5 முதல் 7 வரை இருப்பது நன்று. உப்புநீர்க் கிணறு ஏற்றதல்ல. மண்ணையும் நீரையும் பரிசோதித்த பிறகே ஜூன்-ஜூலையில் நடவேண்டும்.

மழைக் கணக்கு சாதகமாக இருப்பினும் முதலில் 10 சென்ட் போதும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் சுமார் 65 கொடிகள் பிடிக்கும். இரண்டு அறுவடை பார்த்தபின் பந்தலை நீட்டலாம். அதுவரை மீதி நிலத்தில் வழக்கமான பயிர் இருந்தால், ஒரு கோடை மழையில் குடும்பம் கடனாளியாகாது.