சாய்சதுரப் புள்ளியும் திரிபில்லாப் படமும்

வட்டமாக எழுதிய ஒன்று திரையில் முட்டை வடிவாய்த் தோன்றுமாயின், அதனைப் பயன்படுத்துவோன் கருவியைப் பழிப்பது இயல்பு. ஆயினும், கருவி பழுதற்றிருக்கும்போதே இங்ஙனம் நிகழ்தல் கூடும். புரொஜெக்டர் எனப்படும் படவீழ்த்திகளுள் ஒருவகையில் இஃது எற்றால் நிகழ்கின்றது, இதனை விலக்குமாறு யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்து அறிஞர் லாரி ஹார்ன்பெக் என்பார், நுண்ணிய சதுரக் கண்ணாடிகள் பல செறிந்த சில்லு ஒன்றைக் கண்டார். ஒவ்வொரு கண்ணாடியும் தன் மூலைவிட்டத்தை அச்சாகக் கொண்டு சாயும். ஒருபால் சாயின் திரையில் ஒளி. மறுபால் சாயின் இருள். கண்ணாடி ஒன்றிற்குப் படப்புள்ளி ஒன்று. கண்ணாடிகள் நேராக நிற்பின், விளக்கொளியை மூலைப்பக்கமிருந்தே செலுத்தல் வேண்டும். அதனாற் கருவி பருக்கும். அவற்றை 45 பாகை திருப்பி, முனையில் நிற்கும் சாய்சதுரங்களாக அமைப்பின், ஒளியைப் பக்கவாட்டிலிருந்தே செலுத்தலாம், கருவியும் மெலிதாகும். டி.எல்.பி. 3000 என்னும் சிறு சில்லு இவ்வகையினது. அதன்கண் வரிசைகள் 684. வரிசை ஒன்றிற்குக் கண்ணாடிகள் 608.

இவ்வமைப்பை நம் நாட்டு மகளிர் நன்கறிவர். மார்கழிக் காலையிற் சிதம்பரம் வட்டாரத்து வீதிகளிற் கோலமிடுவோர், நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இருவகையாகப் புள்ளி வைப்பர். ஊடுபுள்ளியில், ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி அமையும். சாய்சதுரக் கண்ணாடிகளும் அவ்வாறே நிற்கின்றன. ஒரே வரிசையிலுள்ள இரு கண்ணாடிகளின் இடைத்தொலைவு, இரு வரிசைகளின் இடைத்தொலைவினும் இருமடங்காதலே ஈண்டுக் கருதத்தக்கது.

திரிபு தோன்றுமிடம் இதுவே. லால்பேட்டை வீராணம் ஏரியின் தென்கோடியை அடுத்த ஊர். ஏரியோ தெற்கு வடக்காக நீண்டு கிடப்பது. அவ்வேரியின் படத்தை, 608 கட்ட அகலமும் 684 கட்ட உயரமும் உடைய சாதாரணப் படமாக எழுதி, அப்படியே கண்ணாடிகளுக்கு அனுப்பின், நீளம் மாறாதிருக்க அகலம் மட்டும் இருமடங்காகும். ஒடுங்கிய ஏரி திரையிற் பரந்த குளமாகும்.

இதனைத் தவிர்க்கும் முறை எளிது. முதற்கண், 1216 கட்ட அகலமும் 684 கட்ட உயரமும் உடையதாகப் படத்தை உரிய வடிவில் எழுதுக. இது திரையின் 16க்கு 9 என்னும் அளவோடு பொருந்தும். பின்னர், முதல் வரிசையில் 1, 3, 5 ஆகிய ஒற்றைக் கட்டங்களையும், இரண்டாம் வரிசையில் 2, 4, 6 ஆகிய இரட்டைக் கட்டங்களையும், இவ்வாறே மாறிமாறி எல்லா வரிசைகளிலும் எடுத்து, ஏனையவற்றை விடுக. வரிசைதோறும் 608 எஞ்சும். அவற்றை நெருக்கி அடுக்கியதே கருவிக்குரிய படம். கணிப்பொறித் திரையில் அது குறுகித் தோன்றும், அதனைத் திருத்தலாகாது. திரையில் வீழ்த்தியபின் ஓரங்கள் மிகையாகப் பல்பல்லாய்த் தோன்றின், ஒற்றையையும் இரட்டையையும் மாற்றி எடுத்துப் பார்க்க.

தமிழ் எழுதுவோர் கருதத்தக்கது மற்றுமொன்று உண்டு. பாதிக் கட்டங்கள் விடப்படுதலின், மெய்யெழுத்தின் தலைமேல் ஒரே கட்டத்தில் இட்ட புள்ளி, விடப்படும் கட்டத்தில் விழின் அடியோடு மறையும். ‘மண்’ என்று எழுதியது ‘மண’ என நிற்கும்! ஆதலின் புள்ளியும் கோடும் இரு கட்டப் பருமனுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அன்றேல், கட்டந்தோறும் அண்டைக் கட்டங்களின் ஒளியைச் சிறிது கலந்து மென்மையாக்கிய பின்னரே எடுத்தல் வேண்டும்.

சாதாரண ஒளிக்காட்சிகளைக் காட்டுங்கால் இம்மாற்றத்தைக் கருவியே செய்துகொள்ளும். ஒளிக்கோடுகளை வீழ்த்திப் பொருள்களின் மேடுபள்ளங்களை அளப்போரும், ஒளிபட்டு இறுகும் குழம்பினால் உருவங்களை அடுக்கடுக்காக வார்ப்போரும், கண்ணாடிகளுக்கு நேரே படத்தை அனுப்புவர். ஆண்டு ஒரு வளையம் முட்டை வடிவாயின் அது தன் துளையிற் பொருந்தாது, அளவும் பொய்க்கும். எனவே, எப்பணிக்கும் முன்னர் வட்டமொன்றை வீழ்த்தி, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் ஒப்பிட்டு நோக்குக. இரண்டும் ஒத்திருப்பின் ஏனைய படங்களையும் நம்பலாம்.