மானி பிழையா, இயந்திரம் பிழையா?

ஊவாத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் மின்சாரம் தடைப்படும் வேளையில் டீசல் இயந்திரமே கைகொடுக்கின்றது. கொழுந்து காத்திராது. அவ்வேளை வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுமாயின், இயந்திரத்தை நிறுத்தி, குளிர்நீரின் அளவைப் பார்த்தல் வேண்டும். நீர் குறையாதிருப்பின், பிழை இயந்திரத்திலா உணரியிலா என்பது அடுத்த வினா.

ஆறிய இயந்திரத்திலிருந்து உணரியைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்திப் பார்ப்பது எளிய சோதனை. ஆயினும் மலைநாட்டில் ஒன்றை மறத்தலாகாது. உயரம் ஏற ஏறக் காற்றமுக்கம் குறைவதால், நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடலோரத்துப் படகுத்துறையில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், பதுளை நகரில் ஏறத்தாழ 98 பாகையிலும், அப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலும் கொதிக்கின்றது. எனவே அப்புத்தளையில் 95 காட்டும் உணரி நல்லது; 100 காட்டுவதே பழுதுற்றது.

எண்ணெய் அமுக்கம் குறைவாகத் தோன்றினால், முதலில் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்து, பின்னர் நேரடி அமுக்கமானியொன்றைப் பொருத்தி ஒப்பிடுதல் வேண்டும். இரண்டும் முரண்படின் உணரியோ கம்பியோ பழுது. இரண்டும் இணங்கின், பம்பியோ பேரிங்கோ தேய்ந்திருத்தல் கூடும். அந்நிலையில் இயந்திரத்தை ஓட்டுவது பெருநட்டத்தை வருவிக்கும்.