கோழி எச்சத்தில் வெள்ளை ஏன்?

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரிக் அமிலம். கோழி தனியே சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகத்திலிருந்து இறங்குவதில் ஒரு பகுதி குடலுக்குள் திரும்ப ஏறுகிறது; அங்கே இரண்டு குருட்டுக்குடல்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கின்றன. மனிதரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடல் வழியே கழிகிறது.

ஆனால் நுண்ணுயிர்களை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரகம் கெட்டால் அமிலம் இரத்தத்தில் ஏறி, இதயம், ஈரல் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும், குஞ்சுகள் மடியும். கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்களில் பத்துக் கோழி வளர்ப்போர், இன்னொரு மூட்டை எதற்கு என்று முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுகளுக்கும் போடுவதுண்டு. இது வீண் சிக்கனம். அதில் சுண்ணாம்புச்சத்து 3 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். குஞ்சுத் தீவனமே கொடுக்கவும். கோடையில் தண்ணீர்த் தட்டு ஒரு வேளையும் காயக்கூடாது.