ஒரு காருக்குள் எத்தனை உருக்கு?

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்த ஒரு நாள், பழைய இரும்பு வாங்கும் ஹாஜியார் ஒருவரின் களஞ்சியத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பையன்மார் பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்களைப் பிரித்துச் செப்புக் கம்பியை உருவிக் கொண்டிருந்தார்கள். "தம்பி, இத இரும்போட விட்டா செம்பும் இரும்பு விலைக்குத்தான் போகும்" என்றார் ஹாஜியார்.

அது வியாபாரியின் கணக்கு. உருக்காலையின் கணக்கு வேறு. உலையில் இரும்பை உருக்கும்போது மங்கனீசு, சிலிக்கன் போன்றவற்றைக் கசடாக ஓரளவு எரித்து நீக்கலாம். செம்பை அப்படி நீக்க முடியாது. பின்னர் தகட்டைச் சூட்டோடு உருட்டும்போது இந்தச் செம்பு உருகி மேற்பரப்பில் கசிந்து வெடிப்பை உண்டாக்கும். கட்டடக் கம்பி 0.4 வீதம் வரை செம்பைத் தாங்கும். காரின் உடற்தகட்டுக்கோ 0.06 வீதம்தான் எல்லை. அதனால்தான் பழைய கார் அநேகமாக மீண்டும் காராக வருவதில்லை. கட்டடக் கம்பியாக வருகிறது.

செம்பு மட்டும்தான் பிரச்சினையா என்றால், இல்லை. ஒரு காரில் சராசரியாக 900 கிலோ அளவில் இரும்பும் உருக்கும் உண்டு. ஆனால் அது ஒரே உருக்கல்ல. கதவுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று, அடிச்சட்டத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலவை. நொறுக்கும் இயந்திரத்தில் போட்டால் எல்லாம் ஒரே குவியல். தாதிலிருந்து ஒரு தொன் உருக்கு எடுக்க 2 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் அதில் சிறு பங்கே. அப்படியிருக்க, நல்ல சரக்கை இப்படிக் கலந்து தரம் குறைப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

சீனாவின் ஷென்யாங் நகர உலோக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லீ, லூ என்ற இருவர் 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். புதிது புதிதாக உலோகங்களைச் சேர்த்துப் பலம் தேடாமல், எளிய கலவையை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நுண்மணிகளின் அமைப்பை மாற்றிப் பலம் பெறலாம் என்பதே அது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. மங்கனீசும் சொற்ப போரனும் சேர்ந்த ஓர் உருக்கைச் சுமார் 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, குளிர்ந்த அச்சில் அழுத்தினால் அதன் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அச்சின் ஒரு பகுதியை மட்டும் சூடாக வைத்தால் அந்த இடம் மென்மையாகவே இருக்கும். முன், பின் கதவுகளுக்கு இடையே நிற்கும் தூணை இப்படித்தான் மேலே கடினமாகவும் கீழே மென்மையாகவும் ஒரே தகட்டில் செய்கிறார்கள். விபத்தில் கீழ்ப்பகுதி நசுங்கி அடியை வாங்கும்; மேற்பகுதி பயணியின் தலையைக் காக்கும். கலவை ஒன்றே, சூடுதான் வேறு.

ஆனால் வாகனக் கம்பனிகள் இதற்கு இலகுவில் இறங்கிவிட மாட்டா. கலவையை மாற்றினால் ஒட்டுவேலை, மோதல் பரிசோதனை எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். செலவு இன்று கம்பனிக்கு. இலாபமோ அந்தக் கார் உடைக்கப்படும் நாளில், பதினைந்து வருடம் கழித்து, வேறொருவனுக்கு. எந்த முதலாளிதான் முந்திக்கொள்வான்?

அடுத்த முறை போனபோது ஹாஜியாரிடம் இதைச் சொன்னேன். "அப்ப எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு நல்ல விலைக்கு விக்கலாமா?" என்று கேட்டார்.

"வயரைக் கழற்றின பிறகுதான் ஹாஜியார்" என்றேன்.