துறைமுகம் தாண்டும் வரை: விசைப்படகின் வேகமும் பிறர் உரிமையும்

துறைமுகத்திலிருந்து வெளியேறும் விசைப்படகு எவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்பதற்கு, 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் எண்ணாக விடை தருவதில்லை. மோதலைத் தவிர்க்கவும் சூழலுக்கு ஏற்ற தூரத்துக்குள் படகை நிறுத்தவும் இடம் கொடுக்கும் வேகமே ‘பாதுகாப்பான வேகம்’ என்று கூறும் அவற்றின் 6ஆம் விதி, பார்வைத் தெளிவு, படகு நெரிசல், காற்று, நீரோட்டம், ஆழம், இரவில் கண்ணைக் கூசும் கரை விளக்குகள் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. எண்ணை விதிப்பவை அந்தந்தத் துறைமுக நிர்வாகங்களே. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 10 நாட், சிசெஸ்டரில் 8 நாட், ஹாம்பிள் ஆற்றில் 6 நாட் என்று எல்லைகள் உள்ளன. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

ஆனால், அந்த எண்ணைத் தாண்டவில்லை என்பது மட்டுமே படகோட்டியின் பொறுப்பைத் தீர்த்துவிடாது. மெதுவாகச் செல்லும் படகு நீரை விலக்கிக்கொண்டு நகர்கிறது. வேகம் கூடும்போது அணியம் எனப்படும் முன்பகுதி உயர்ந்து, பின்பகுதி நீருக்குள் அமிழ, அந்த இடைநிலையில்தான் மிகப் பெரிய அலை எழுகிறது. வேகம் மேலும் கூடினால் படகு நீரின் மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கி, அலை ஓரளவு தணிகிறது. நீர்மட்ட நீளம் 16 அடி உள்ள படகுக்கு இந்த இடைநிலை ஏறத்தாழ 5 நாட்டைத் தாண்டியதுமே தொடங்கிவிடும் என்பதால், 8 நாட் எல்லைக்கு உட்பட்டே செல்லும் சிறுபடகும் தன்னால் இயன்ற மிக மோசமான அலையைக் கிளப்பக்கூடும். முழு வேகத்திலிருந்து பாதி வேகத்துக்குக் குறைப்பதும் பல வேளைகளில் மரியாதையாகாது, தொல்லையாகவே முடியும். அணியம் முழுமையாகத் தாழும் வரை குறைப்பதே முறை. திடீரென விசையை மூடினால், பின்தொடர்ந்து வரும் சொந்த அலையே படகின் பின்பகுதியில் ஏறிவிடலாம்.

அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். கட்டிய கயிறு விறைத்துத் தெறிப்பதும், படகின் பக்கப்பலகை துறைச்சுவரில் மோதிப் பிளப்பதும், அடுப்பிலுள்ள கொதிநீர் சமைப்பவர் மேல் கொட்டுவதும், துறைக்கும் படகுக்கும் இடையே கால் வைத்து ஏறுபவர் நசுங்குவதும், அலையைக் கிளப்பியவர் கண்ணுக்கெட்டாத தூரம் சென்ற பின்னரே நிகழலாம். அதனால் வேகமானியைப் பார்ப்பதைவிட அவ்வப்போது பின்னால் திரும்பிப் பார்ப்பதே பயனுள்ள பழக்கம்.

குறுகிய வாய்க்காலில் வலப்புற ஓரத்தை ஒட்டிச் செல்ல வேண்டும் என்றும், 20 மீட்டருக்குக் குறைந்த படகு, அவ்வாய்க்காலை விட்டால் வேறு வழியில்லாத பெரிய கப்பலுக்குத் தடையாகக் கூடாது என்றும் 9ஆம் விதி கூறுகிறது. முந்திச் செல்லும் படகே விலகிச் செல்லவும் வேண்டும்.

பயணிகளுக்கும் இதில் உரிமை உண்டு. 2024 டிசம்பர் 18 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோருடன் சென்ற ‘நீல்கமல்’ படகின் மீது, இயந்திரச் சோதனை ஓட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்த கடற்படை அதிவேகப் படகு மோதியதில் 15 பேர் இறந்தனர். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, படகு கிளம்புமுன்பே அணிவதும், நெரிசலான படகில் ஏற மறுப்பதும் பயணி தாமே செய்யக்கூடியவை.

இந்தியாவில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் படகைச் செலுத்துவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 282ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அளவுக்கு மீறி ஆளேற்றிக் கட்டணப் படகு ஓட்டுவது 284ஆம் பிரிவில் தனிக் குற்றம். கடலில் உயிராபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். பொருட்சேதத்துக்கு இழப்பீடு கோருபவர் படகின் பெயர், பதிவெண், நேரம், சென்ற திசை ஆகியவற்றை உடனே குறித்து, இயன்றால் காணொளியும் எடுத்து, துறைமுக அதிகாரியிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். கயிறு முன்பே நைந்திருந்தது என்பதே எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும் என்பதால், அறுந்த கயிற்றைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது நல்லது.