சிவப்பு மையும் தாய்மொழியும்

மாலையானால் பெஹாலாவில், டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய சந்துகளில் டியூஷன் வகுப்புகள் களைகட்டுகின்றன. ஆங்கில நோட்டுகளில் அடிக்கடி சிவப்பு மையில் சுழிக்கப்படுபவை இரண்டு பிழைகள்: ‘ஷீ’ வர வேண்டிய இடத்தில் ‘ஹீ’, ‘ஹீ கோஸ்’ என்பதற்குப் பதில் ‘ஹீ கோ’.

இது கவனக்குறைவு அல்ல. வங்க மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ‘ஷே’ என்ற ஒரே சொல்தான். ‘ஷே ஜாய்’ என்றால் அவன் போகிறான். ‘தாரா ஜாய்’ என்றால் அவர்கள் போகிறார்கள். ஒருமையோ பன்மையோ, வினை மாறுவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு ‘அவன்’, ‘அவள்’ உண்டு. ஆனால் தமிழில் இல்லாத ‘ஏ’, ‘தி’ இரண்டையும் அது விழுங்கிவிடும்.

பெஹாலாவின் தடுமாற்றத்துக்கு அரசியல் பின்னணியும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் இடது முன்னணி அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை நீக்கியது. 1998-ல் பவித்ர சர்க்கார் குழு மாற்றத்தைப் பரிந்துரைக்க, 2004-ல் முதல் வகுப்புக்கே அது திரும்பியது. இடையில் படித்தவர்கள் இன்று பெற்றோர்கள். பிள்ளையின் நோட்டைத் திருத்த அவர்களில் பலருக்குத் தயக்கம்.

எல்லாப் பிழைகளையும் சுழித்தால் பிள்ளை எழுதவே அஞ்சும். வாரம் ஒரு பிழை போதும். வங்க வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் அருகருகே எழுதி, வித்தியாசத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தன் கையால் திருத்தியது மறக்காது.